மீன் தொட்டியும் முப்பது மில்லி ஆம்பியரும்

விடியற்காலை ஆறு மணிக்கு அத்தானிடமிருந்து அழைப்பு வந்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் மனம் பதறும். அன்று அப்படி இல்லை. "மச்சான், மீனெல்லாம் மிதக்குது" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அத்தான் பீடோர் பக்கம் இருக்கிறார். வேலை ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதியில் கொஞ்சத்தை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் இரண்டு வட்டக் கேன்வாஸ் தொட்டி போட்டுச் சிவப்புத் திலாப்பியா வளர்க்கிறார். தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்தவருக்குச் சும்மா உட்கார வராது. அன்று ஒரே இரவில் ஒரு தொட்டி மீன் முழுக்கப் போய்விட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பிடித்து விற்கிற பருவம்.

பழி என் அக்காள் மகள்மேல் விழுந்தது. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு பினாங்கில் வேலை செய்கிற பெண். அப்பாவின் மின் கட்டணத்தைக் குறைக்கலாம், காற்று பம்ப் நின்றால் கைபேசிக்குத் தகவல் வரச் செய்யலாம் என்று ஆசைப்பட்டு, ஒரு ஈஎஸ்பி32 போர்டும் ரிலேயும் வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தாள். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நான்காம் வாரம் இந்தக் கதை. "மாமா, புரோகிராம் சரியாத்தான் இருக்கு. நூறு தடவை பார்த்துட்டேன்" என்று தொலைபேசியில் அழுதாள்.

புரோகிராம் சரியாகத்தான் இருந்தது. கோளாறு, அவள் வைக்க மறந்த ஒரு டயோடில் இருந்தது. விலை சில சென். அதைவிடப் பெரிய கோளாறு, ரிலேயின் எந்த முனையில் பம்பை மாட்டினாள் என்பதில். இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். வீட்டுக்கு வீடு இப்போது யாராவது ஒரு பிள்ளை ஆர்டுயினோவோ ராஸ்பெர்ரி பையோ வைத்துக் கேட் திறக்க, விளக்கு போட, செடிக்குத் தண்ணீர் விட ஏதாவது செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பெட்டிகளில் பாதிக்குமேல் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை போன்றவற்றின் வெளியீட்டுக் கால் ஒன்று 'ஆன்' ஆகும்போது அதில் வருவது 3.3 வோல்ட். அது தரக்கூடிய மின்னோட்டமும் சொற்பம். ராஸ்பெர்ரி பையில் ஒரு காலுக்கு 16 மில்லி ஆம்பியர்தான் எல்லை. ஆர்டுயினோ ஊனோவில் 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு எல்இடி எரிய இது போதும். ரிலேக்குப் போதாது.

ரிலேக்குள் இருப்பது ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அந்தத் துண்டு பெரிய மின்சாரத்தின் ஸ்விட்சைத் தட்டும். கடையில் கிடைக்கும் நீலநிறச் சிறு ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12 வோல்ட் வகையில் சுருளின் தடை ஏறத்தாழ 400 ஓம். 12ஐ 400ஆல் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் வகையில் தடை 70 ஓம், மின்னோட்டம் 70 மில்லி ஆம்பியருக்கு மேல். இரும்பை இழுக்கக் குறிப்பிட்ட அழுத்தத்தில் முக்கால் பங்காவது வேண்டும், அதாவது 12 வோல்ட் ரிலேக்கு 9 வோல்ட். 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் அது அசையக்கூடச் செய்யாது.

எங்கள் பெண் முதலில் அதைத்தான் செய்திருக்கிறாள். காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சுருளை மாட்டிப் பார்த்தாள், 'டக்' சத்தம் வரவில்லை. அடுத்து, சுருளின் ஒரு முனையை 12 வோல்ட்டிலும் மறுமுனையைப் போர்டின் காலிலும் மாட்டினாள். கால் கீழே போனால் சுருள் வழியே மின்சாரம் ஓடும்தானே என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பில்லை, ஆனால் கால் 'ஆஃப்' ஆகிற நேரத்தில் அந்த 12 வோல்ட் சுருள் வழியாக அப்படியே காலுக்கு வந்து நிற்கும். 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சில்லு அது. ஒரு போர்டு அப்படியே போனது. இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

அந்தக் காலத்துத் தோட்ட ஆபீசை நினைத்துப் பாருங்கள். கிராணி மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவார். பால் வாளியைத் தூக்குவது அவர் வேலை இல்லை. சீட்டு மண்டோரிடம் போகும், மண்டோர் ஆளை ஏவுவார். நமது போர்டு கிராணி. சுருளை இயக்கும் 12 வோல்ட் பாட்டரி ஆள்பலம். நடுவே ஒரு மண்டோர் வேண்டும். அந்த மண்டோர்தான் டிரான்சிஸ்டர்.

பிசி547 என்ற என்பிஎன் டிரான்சிஸ்டர் போதும். 100 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். 5 வோல்ட் ரிலே என்றால் கொஞ்சம் தாராளமாகப் பிசி337 போடுங்கள். இணைப்பு எளிது. ரிலேச் சுருளின் ஒரு முனை நேராக 12 வோல்ட் பிளஸ்ஸுக்கு. மறுமுனை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. போர்டின் காலிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக பேசுக்கு. போர்டின் கிரவுண்டும் பாட்டரியின் மைனசும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மின்வழங்கிகளுக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லையென்றால், பேசுக்குள் போன மின்னோட்டம் திரும்பி வர வழி இல்லை. டிரான்சிஸ்டர் தூங்கிக்கொண்டே இருக்கும்.

ரெசிஸ்டர் எவ்வளவு? சுருளுக்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும். டிரான்சிஸ்டரின் பெருக்கம் நூறுக்குமேல் என்று புத்தகத்தில் போட்டிருப்பான். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஸ்விட்சாக அது முழுக்கத் திறக்க வேண்டுமென்றால் பத்து என்று வைத்துக்கொள்வதே பழக்கம். ஆக பேசுக்கு 3 மில்லி ஆம்பியர். 3.3 வோல்ட்டில் பேஸ் சந்திப்பில் 0.7 போக மிச்சம் 2.6 வோல்ட். 2.6ஐ 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 870 ஓம் சுமார். 820 ஓம் போடலாம். கையில் 1 கிலோ ஓம் இருந்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும்.

கால்களின் வரிசையைக் கவனியுங்கள். பிசி547இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்2222 வகையில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வரிசை மாறும். தரவுத்தாளைப் பார்க்காமல் மாட்டினால் அரை நாள் வீண்.

சிலர் பிஎன்பி டிரான்சிஸ்டரை 12 வோல்ட் பக்கம் வைத்து இயக்கப் பார்க்கிறார்கள். எமிட்டர் 12 வோல்ட்டில் இருக்கிறது. அதை அணைக்க பேசையும் ஏறக்குறைய 12 வோல்ட்டுக்குத் தூக்க வேண்டும். நம் போர்டால் 3.3க்கு மேல் தூக்க முடியாது. விளைவு, ரிலே ஆன் ஆனது ஆனதுதான், அணையவே அணையாது.

இப்போது அந்த டயோடுக்கு வருகிறேன்.

சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே நின்றுவிடாது. வேகமாகப் போகும் லாரியில் பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் சரக்கு முன்னால் வந்து மோதும் இல்லையா, அப்படி. காந்தப் புலத்தில் சேர்ந்திருந்த சக்தி எங்காவது போயாக வேண்டும். வழி இல்லாவிட்டால் சுருளின் முனையில் அழுத்தம் ஒரு கணத்தில் நூறு வோல்ட்டைத் தாண்டி ஏறலாம். பிசி547 தாங்குவது 45 வோல்ட். அந்த அடி டிரான்சிஸ்டரைக் கொல்லலாம். கொல்லாவிட்டாலும் வயர்கள் வழியே பரவிப் பக்கத்தில் இருக்கும் போர்டைக் குழப்பிவிடும்.

அதற்குத்தான் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடு. 1என்4007 போதும். வெள்ளிக் கோடு போட்ட முனை 12 வோல்ட் பிளஸ் பக்கம், மறுமுனை கலெக்டர் பக்கம். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் மூடும்போது மட்டும், மிச்சமிருக்கும் மின்னோட்டம் அந்த டயோடுக்குள் சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். திருப்பி மாட்டினால் பாட்டரியிலிருந்து டயோடு வழியாக டிரான்சிஸ்டருக்கு நேர் பாதை கிடைத்துப் புகை வரும். அதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், என் மேசையிலேயே.

அத்தான் வீட்டுப் பெட்டியில் இந்த டயோடு இல்லை. மூன்று வாரம் டிரான்சிஸ்டர் அடியைத் தாங்கிக்கொண்டே இருந்தது. நான் கழற்றிச் சோதித்தபோதுகூட உயிரோடுதான் இருந்தது. ஆனால் அன்று மாலை என்ன நடந்தது பாருங்கள். பகலில் பம்ப் கால் மணி நேரம் ஓடி, கால் மணி நேரம் நிற்கும்படி அவள் எழுதியிருந்தாள். ஏதோ ஒருமுறை ரிலே அணைந்த அதே நொடியில், அந்த அடி போர்டை உறைய வைத்துவிட்டது. போர்டு உறைந்தது, கால் கீழேயே நின்றுவிட்டது, ரிலே விடுபட்ட நிலையிலேயே கிடந்தது. பம்பை அவள் மாட்டியிருந்தது 'என்ஓ' முனையில், அதாவது ரிலே இழுத்தால் மட்டும் மின்சாரம் பாயும் முனையில். இரவு முழுக்கக் காற்று இல்லை. தகவல் அனுப்ப வேண்டிய போர்டே உறைந்து கிடந்ததால் கைபேசிக்கும் எதுவும் வரவில்லை.

பகலில் நின்றிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். தண்ணீரில் இருக்கும் பாசி பகலில் பிராணவாயு கொடுக்கும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவு. கெளுத்தி என்றால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். நெருக்கமாக விட்ட திலாப்பியாவுக்கு அந்த வசதி இல்லை.

சனிக்கிழமை நான் போனபோது அத்தான் பெட்டியைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார். "படிச்ச பிள்ளை செஞ்சதுன்னு நம்பினேன்" என்றார். மகள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அக்காள் இருவருக்கும் நடுவே தே ஓ கலக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மேசைமேல் வைத்து, "வா, உட்காரு" என்று அவளைக் கூப்பிட்டேன். டயோடு வைப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் பெட்டி செத்துப்போனா பம்ப் ஓடணுமா, நிக்கணுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஓடணும் மாமா" என்றாள். அப்படியானால் பம்ப் 'என்சி' முனையில்தான் இருக்க வேண்டும். ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் முனை அது. பம்பை நிறுத்த வேண்டிய கால் மணி நேரத்துக்கு மட்டும் ரிலே இழுக்கட்டும். போர்டு பழுதானாலும், 12 வோல்ட் போனாலும், வயர் கழன்றாலும் பம்ப் பாட்டுக்கு ஓடும். புரோகிராமில் மாற வேண்டியது ஒரே ஒரு வரி.

கேட் மோட்டார், தண்ணீர் சூடாக்கி, ஏணி வைத்து ஏறும் தொட்டிக்கான பம்ப் இவற்றுக்குப் பதில் நேர் எதிர். பெட்டி செத்தால் அவை நிற்க வேண்டும், ஆகவே 'என்ஓ'. எந்த முனை என்பதை மின்னியல் தீர்மானிப்பதில்லை, எது நின்றால் ஆபத்து, எது ஓடினால் ஆபத்து என்பதுதான் தீர்மானிக்கிறது.

இன்னும் இரண்டு வேலை செய்தோம். பேசிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. போர்டு விழித்தெழும் நேரத்தில் அதன் கால்கள் எந்தப் பக்கமும் சேராமல் மிதக்கும். அப்போது ரிலே தானாகத் துள்ளாமல் இது பிடித்து வைக்கும். ஈஎஸ்பி32இல் 0, 2, 12, 15 ஆகிய எண் கால்களை ரிலேக்குக் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. போர்டு துவங்கும்போது அந்தக் கால்களைத் தன் சொந்த வேலைக்குப் பார்க்கும். இரண்டாவது, புரோகிராமில் வாட்ச்டாக். போர்டு உறைந்தால் தன்னைத்தானே மீண்டும் துவக்கிக்கொள்ளும். ரிலே இழுத்திருக்கும் நேரத்தில் உறைந்தால் 'என்சி' முனையும் கைகொடுக்காது என்பதால் இது அவசியம்.

"கடையில ரெடிமேட் மாட்யூல் இருக்கே, அதை வாங்கிட்டா?" என்று பலர் கேட்கிறீர்கள். வாங்கலாம். டிரான்சிஸ்டர், டயோடு எல்லாம் அதிலேயே இருக்கும். ஆனால் பெரும்பாலானவை கால் கீழே போனால் ஆன் ஆகிற வகை, 5 வோல்ட் போர்டுக்காகச் செய்யப்பட்டவை. 3.3 வோல்ட் கொடுத்தால் 5க்கும் 3.3க்கும் இடையே மிச்சமிருக்கும் 1.7 வோல்ட்டில் சில மாட்யூல்கள் அரைகுறையாக ஆன் ஆகியே கிடக்கும். ஜேடி-விசிசி என்று எழுதிய ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, அந்த முனைக்கு 5 வோல்ட்டும் விசிசிக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான்கைந்து ரிலே வேண்டுமென்றால் தனித்தனி டிரான்சிஸ்டர் எதற்கு, யூஎல்என்2003 என்ற சில்லு ஒன்றே ஏழு ரிலேயை இயக்கும். டயோடும் உள்ளேயே உண்டு, ஆனால் அதன் 'காம்' காலை 12 வோல்ட்டில் சேர்த்தால்தான் அந்த டயோடு வேலை செய்யும். அந்தச் சில்லு தனக்கென்று ஒரு வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் ரிலேக்கு 11 கிடைத்தால் போதும். 5 வோல்ட் ரிலேக்கு 4தான் கிடைக்கும், அது இழுக்குமா இழுக்காதா என்கிற எல்லைக்கோடு. மோஸ்ஃபெட் போடுகிறவர்கள் ஐஆர்எஃப்540, ஐஆர்எஃப்இசட்44 பக்கம் போகாதீர்கள். 3.3 வோல்ட்டில் அவை ஒழுங்காகத் திறக்காது.

இந்தச் சாமான்களெல்லாம் கோலாலம்பூரில் ஜாலான் பாசாரில் கிடைக்கும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, எதிரே இருக்கும் டவர்.

ரிலேயின் மறுபக்கம், அதாவது 230 வோல்ட் பக்கம், வேறு உலகம். மேலே 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், அந்தப் பொறியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். சிறிய காற்று பம்புக்கு இந்த ரிலே தாராளம். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் பம்ப் என்றால் சிறு ரிலே ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் பம்பை இயக்கட்டும். அந்தப் பக்கத்து இணைப்பை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும். நான் முப்பது வருஷமாகக் கையில் சாலிடரிங் அயர்ன் பிடிப்பவன்தான், ஆனாலும் அத்தான் வீட்டில் வயர்மேனைத்தான் கூப்பிட்டேன். ஈரத் தரை, தண்ணீருக்குள் கை விடுகிற வேலை. தொட்டிக்கென்று தனியாக 10 மில்லி ஆம்பியர் இஎல்சிபி போட்டுக் கொடுத்தார். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது இப்போது அக்காளின் வேலை.

மின்சாரம் அடியோடு போனால்? அதற்குக் கணினியே வேண்டாம் என்று நான் சொன்னபோது எங்கள் பெண்ணுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 230 வோல்ட் சுருள் உள்ள ரிலே ஒன்றை மின் இணைப்பில் மாட்டி வைத்தோம். மின்சாரம் இருக்கும்வரை அது இழுத்தபடி இருக்கும். போனவுடன் விடுபடும், விடுபட்டதும் அதன் 'என்சி' முனை பாட்டரியில் ஓடும் 12 வோல்ட் சிறு பம்பைக் கிளப்பிவிடும். புரோகிராம் இல்லை, வைஃபை இல்லை. அதே ரிலேயின் இரண்டாவது ஜோடி முனையைப் போர்டில் சேர்த்து, தகவல் அனுப்புவதை மட்டும் அவளிடம் விட்டேன். மின்சாரம் போனால் வீட்டு ரௌட்டரும் போய்விடும் என்பதை முதல் சோதனையில்தான் கண்டுபிடித்தோம். அவர்கள் ரௌட்டரும் 12 வோல்ட்தான். அதற்கும் ஒரு சிறு பாட்டரி வைத்தாள்.

அத்தான் ஒரு மாதம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. இரவில் இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அக்காள் சொன்னார். போன வாரம் இடி மழையில் பீடோரில் அதிகாலை நான்கு மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது. பினாங்கில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் கைபேசி அலறியது. பதறிப்போய் அப்பாவுக்கு அழைத்திருக்கிறாள். "சின்ன பம்ப் சத்தம் கேக்குதும்மா. நீ படு, காலைல வேலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு அவரும் திரும்பிப் படுத்துவிட்டாராம்.